நான்காவது லாரி

வெங்கடாசலத்திடம் மூன்று லாரிகள் இருந்தன. அவருடைய கைபேசியில் நான்கு ஓடின.

ஒன்று நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று விஜயவாடாவில் லோடுக்குக் காத்து நின்றது. மூன்றாவது உள்ளூர்ப் பட்டறையில் பாடி வேலைக்காக நின்றது. நான்காவது நாமக்கல்லுக்குள்ளேயே சுற்றியது. லாரி நுழைய முடியாத சந்துகளில் நுழைந்தது. காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றது. மாலையில் வீட்டுக்கு வந்தது.

அது அவர் மகள் தனப்பிரியாவின் பேட்டரி ஸ்கூட்டர். பழைய லாரி ஒன்றை விற்றபோது கழற்றி வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அவரே ஒட்டியிருந்தார். மனைவியிடமும் சொல்லவில்லை. வண்டி திருட்டுப் போனால் கண்டுபிடிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரையில் விற்ற லாரியின் பெயரே இன்னும் இருந்தது. படமும் லாரிப் படம்தான். மாற்றுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை நான்காவது லாரி பள்ளிக்கூடத்துக்கு முந்தைய திருப்பத்தில் திரும்பியது. பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் போய் ஒரு சந்தில் நின்றது.

வெங்கடாசலம் தன் புக்கிங் ஆபீசில் இருந்தார். பஞ்சர் என்று நினைத்தார். டீ வந்தது. குடித்தார். மகளிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. லாரி அங்கேயே நின்றது. மத்தியானமும் அங்கேயே நின்றது. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கிளம்பி வீட்டுக்கு வந்தது.

டிரைவர் பொய் சொல்கிறானா என்று அறிய அவரிடம் ஒரு வழி இருந்தது. பதில் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்பார். டிரைவர் அங்கமுத்து கிருஷ்ணகிரியில் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பது திரையில் தெரியும். "எங்கடா இருக்கற?" என்பார். "ஓசூரத் தாண்டிட்டனுங்க" என்பான். "சரி" என்பார். டிரிப் முடிந்து வரும்வரை எதுவும் சொல்ல மாட்டார். முதல் பொய்யிலேயே பிடித்தால் ஆள் உஷாராகிவிடுவான். ஓடவிட்டால் எல்லாப் பொய்யும் வெளியே வரும்.

அன்று மாலை தனப்பிரியா சாப்பிட உட்கார்ந்தபோது அவரும் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன நடத்துனாங்க சாமி?"

"கெமிஸ்ட்ரிங்கப்பா."

"புதுப் பாடமா?"

"போன வாரம் நடத்துனதேதானுங்க. இன்னும் முடியல."

கண் அசையவில்லை. தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டாள்.

"வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்கப்பா."

"நடுவுல எங்கயும் நிக்கலயே?"

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்கப்பா?"

"சும்மா கேட்டேன்."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். தட்டில் அரைத் தோசை மிச்சம் இருந்தது. அதை அவர் கவனித்துக்கொண்டார்.

பிள்ளைகள் வராத நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வரும். அது வீட்டுப் போனுக்கு, அதாவது மனைவி தெய்வநாயகியின் போனுக்குத்தான் வரும். சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல இருந்து மெசேஜ் எதாச்சும் வந்துதா?"

"எனக்குங்களா? இல்லீங்களே."

சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கத் திரும்பினாள். அடுப்பு எரியவில்லை.

புதன்கிழமையும் லாரி அந்தச் சந்தில்தான் நின்றது. அவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனார். சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஸ்கூட்டர் ஒரு கடைக்குப் பக்கத்தில் நின்றது. கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கவாட்டில் மாடிக்கு ஒரு படி போனது. கடைப் பலகையில் 'ரூபன் ரேடியம் ஸ்டிக்கர்ஸ்' என்று இருந்தது.

அந்தக் கடையை அவருக்குத் தெரியும். போன வருடம் எடுத்த லாரிக்கு முன் கண்ணாடியில் பெயர் ஒட்டியது அங்கேதான். கடைக்காரப் பையனையும் தெரியும். கல்யாணமாகாதவன். கழுத்தில் சிலுவை போட்டிருப்பான். நன்றாகச் சிரித்துப் பேசுவான்.

மேலே ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பட்டப்பகல்.

அவர் மேலே போகவில்லை. ஓடட்டும் என்று திரும்பிவிட்டார்.

மாலையில், மகள் வீட்டுக்கு வந்துவிட்டதைத் திரையில் உறுதி செய்துகொண்டு, மறுபடியும் அங்கே போனார். ஷட்டர் ஏறியிருந்தது. ரூபன் தரையில் உட்கார்ந்து சிவப்பு ஸ்டிக்கரைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்ணா. பாடி முடிஞ்சுதுங்களா? பேரு ஒட்டீரலாமா?"

"இன்னும் நாளாகும். பகல்ல கடை மூடிக் கெடக்குதே?"

"பகல்ல பட்டறைல ஒட்டற வேலைங்ணா. சாயங்காலந்தான் இங்க."

"அப்ப மேல ஆரு?"

ரூபனின் கத்தி நின்றது.

"மேலீங்களா? ஆரும் இல்லீங்ணா."

"லைட் எரிஞ்சுது."

"நான் அணைக்காம போயிருப்பேன்." அவன் எழுந்துவிட்டான். குரலைத் தாழ்த்தினான். "ஹவுஸ் ஓனர் எதாச்சும் சொல்லி உட்டாருங்களா? மேல கம்ப்யூட்டர் மட்டுந்தாங்ணா வெச்சிருக்கறேன். ஆரையும் தங்க வைக்கல. அந்தாளு வாடகை ஏத்தறதுக்குக் காரணம் தேடிட்டே இருக்கறாரு."

"ஓனர எனக்குத் தெரியாது."

"அப்பறம் ஏனுங்ணா கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்."

ரூபன் சிரிக்கவில்லை. வெங்கடாசலமும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே ஆள் இருந்தது வெங்கடாசலத்துக்குத் தெரியும். இவன் இல்லை என்கிறான். டீசலைத் திருடி விற்ற கிளீனர் ஒருவன் முன்பு இப்படித்தான், நேராகக் கண்ணைப் பார்த்து, இல்லை என்றான்.

ஆபீசுக்கு வந்ததும் திருச்செங்கோட்டில் இருக்கும் அக்கா உண்ணாமலைக்குப் போன் போட்டார்.

"அக்கா, கலைமணி விசயமாப் பேசிட்டிருந்தீங்களே."

"நான் எத்தன வருசமாப் பேசறேன். நீதான் காதுல போட்டுக்கல. இன்னிக்கு என்ன நெனப்பு வந்துது?"

"வெள்ளிக்கிழம வாங்க. உப்புச்சக்கரை மாத்திக்கலாம்."

உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் வார்த்தை மாற மாட்டார்கள்.

"படிக்கற புள்ளைன்னு சொல்லீட்டு இருந்த."

"படிச்சது போதும்."

"எவனாச்சுமா?"

அவர் மேசை மேலிருந்த பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"சொல்லு தம்பி. நான் என்ன வேத்தாளா?"

"தெரீலீங்க. ஒரு பையன் கடைக்குப் போவுது. நானே பாத்தேன்."

அவர் பார்த்தது ஸ்கூட்டரைத்தான். போனை வைத்த பிறகு அது நினைவுக்கு வந்தது.

கலைமணி அக்காவின் ஒரே மகன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை அப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன். போன வருடம் வெங்கடாசலம் புது லாரி எடுத்துப் பூசை போட்டபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கியது கலைமணிதான். தனப்பிரியா கற்பூரத் தட்டோடு கீழே நின்றாள். "நானும் ஏறி உக்காரட்டுங்களாப்பா?" என்று கேட்டாள். "அப்பறம்" என்றார் அவர். வண்டி அன்று மாலையே லோடுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை லாரி அதே சந்தில் நின்றது. அவர் திரையைப் பார்த்துவிட்டு அணைத்தார். மறுபடியும் பார்த்தார்.

தெய்வநாயகியிடம் அன்று மத்தியானம் உப்புச்சக்கரை பற்றிச் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பன்னண்டாவது முடிக்கட்டுமுங்க."

"அதுக்குள்ள எல்லாம் கை மீறிப் போயிரும்."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பையனையா?"

"வேற எதுக்கு ஒரு புள்ள பள்ளிக்கூடம் போகாம மூடுன கடைக்கு மேல உக்காந்திருக்கும்?"

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. எந்தக் கடை என்றும் கேட்கவில்லை. அதையும் அவர் கவனித்தார்.

மாலையில் மகளிடம் அவரே சொன்னார்.

"நாளைக்கு அத்தை வருது. மத்தியானம் உப்புச்சக்கரை. கல்யாணம் பதினெட்டுக்கு அப்பறந்தான். பள்ளிக்கூடம் இந்த வருசம் பதினொண்ணோட போதும்."

தனப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான் என்னங்கப்பா பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல எடம்."

"பன்னண்டாவதுங்கப்பா?"

"அதான் சொன்னனே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"நாளைக்குக் காலைல போய்க்கலாமுங்களா?"

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"போ. மத்தியானத்துக்கு முன்ன நான் வந்து கூட்டிக்கறேன்."

அழுதிருந்தால் தன் நினைப்பிலேயே அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். அவள் கேட்டது ஒரு காலைப்பொழுது. அது போதும் அவருக்கு. அந்தப் பையனிடம் சொல்லப் போகிறாள். இரண்டு பேரும் என்ன முடிவெடுப்பார்கள் என்று தெரியாது. அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை லாரி பள்ளிக்கூடம் பக்கமே திரும்பவில்லை. நேராகப் பட்டறைகளுக்குப் பின்னால் போனது.

அவர் மோட்டார் சைக்கிளைச் சந்து முனையிலேயே நிறுத்தினார். ஷட்டர் இறங்கியிருந்தது. படியில் சத்தமில்லாமல் ஏறினார். மாடிக் கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிப் பெண் செருப்புகள் கிடந்தன. ஒன்று மகளுடையது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ.

உள்ளே ஆண் குரல் கேட்டது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. மகள் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

கதவைத் தள்ளக் கை நீட்டினார். நிறுத்தினார். இன்னொரு சத்தம் கேட்டது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். லோடு ஏற்றிய லாரி மலை இறக்கத்தில் இறங்கும்போது எஞ்சின் முனகும் சத்தம்.

"எருமை! எருமை வருது!"

"பாத்துட்டேன், கத்தாத. ஹாரன அமுக்கு."

காற்று ஹாரன் அலறியது.

"ரைட்ல கார்க்காரன் ஏறறான். உடாத, உடாத."

"கிளீனரம்மா, நீங்க பின்னால மட்டும் பாருங்க. ஓட்டறது நானு."

"ஓட்டற லட்சணம்! முந்தாநேத்து டோல்கேட்ட இடிச்சது ஆரு?"

"அது டோல்கேட்டுக்காரன் தப்பு."

கதவு தாழிடப்படவில்லை. திறந்தார். அவர்கள் திரும்பவில்லை.

ஒரு மேசை. அதில் பெரிய திரை. மேசை விளிம்பில் ஸ்டியரிங் முடுக்கப்பட்டிருந்தது. கீழே பெடல்கள். அவை நகராமல் இருக்கப் பின்னால் செங்கல் வைத்திருந்தார்கள். தனப்பிரியா சீருடையில், நாற்காலி நுனியில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அதே சீருடையில் இன்னொரு பெண், மடியில் திறந்த டிபன் பாக்ஸோடு. ரூபனின் தங்கை அக்சிலியா. அவளை அவர் பள்ளிக்கூட விழாவில் பார்த்திருக்கிறார். வேறு யாரும் இல்லை.

திரையில் சாலை சரிந்து இறங்கியது. ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம். தொப்பூர் கணவாய் போலவே இருந்தது. வளைவுக்கு முன்னால் வண்டி வேகமெடுத்தது. மகளின் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.

"கியரக் கொற" என்றார். "பிரேக்லயே நிக்காத. சூடேறுனா புடிக்காது."

அவள் கை கியருக்குப் போனது. ஒன்று குறைத்தாள். வண்டி முனகி அடங்கியது. இன்னும் ஒன்று குறைத்தாள். அப்போதுதான் குரல் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள்.

வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போனது. திரை கறுத்தது. ஏதோ இசை வந்தது.

அக்சிலியா டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"பையன் எங்க?" என்றார் வெங்கடாசலம்.

"எந்தப் பையனுங்கப்பா?"

"வெளிய ஷூ கெடக்குது."

"எங்கண்ணனோட பழைய ஷூங்க அங்கிள்" என்றாள் அக்சிலியா. "அண்ணன் பட்டறைல இருக்குது. நாங்க வாரது அதுக்குத் தெரியாதுங்க. நான்தான் சாவிய எடுத்துட்டு வந்துருவேன். சொல்லீராதீங்க அங்கிள், கொன்னு போட்டுரும்."

அவர் திரைச்சீலையை விலக்கினார். ஸ்டிக்கர் சுருள்கள். குளியலறைக் கதவைத் திறந்தார். ஒரு வாளி. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். இரண்டு பெண்களும் அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அந்த ஆண் குரல் மறுபடி பேசியது. மேசை மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து.

"இது ஆரு?"

"லோடு குடுக்கறவன்ங்கப்பா. கேம்ல. வண்டி கவுந்துருச்சான்னு கேக்கறான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுக்கா பள்ளிக்கூடம் போகல?"

"ஆமாங்க."

"இதுக்கா?"

"போன வாரந்தான் இது ரிலீஸ் ஆச்சுங்கப்பா. நம்மூர் ரோடெல்லாம் இதுலதான் மொதல்ல வந்திருக்குது. சாயங்காலம் அண்ணன் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணும். பகல்லதான் சும்மா இருக்கும்."

"மத்தியானம் உப்புச்சக்கரைன்னு சொன்னேன். சொல்லியும் இங்க வந்திருக்கற."

"அதுக்குத்தாங்கப்பா வந்தேன். ஒரு லோடு பாக்கி இருந்துச்சு. குவஹாத்தி. இன்னிக்கு உட்டா எப்பவும் முடிக்க முடியாதுல்ல."

"என்ன லோடு?"

"இரும்புங்க. சேலத்துல ஏத்துனது."

எத்தனை டன் என்று கேட்க வாய் திறந்தார். மூடிக்கொண்டார்.

"கெளம்பு. போலாம்."

அவள் முன்னால் ஸ்கூட்டரில் போனாள். அவர் பின்னால் போனார். திருப்பங்களில் கை காட்டித் திரும்பினாள். வேகத்தடைகளில் நிதானித்தாள். ஒரு முட்டை வேனுக்கு வழி விட்டாள். அவள் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. திரையில் ஒரு லாரிப் படம் நகர்வதைத்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டு வாசலில் அக்காவின் கார் நின்றது. கூடத்தில் உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். முன்னால் தாம்பாளத்தில் ஒரு துணி மூட்டையில் உப்பு, ஒன்றில் சர்க்கரை, வெற்றிலை, பழம். கலைமணி சுவரோரம் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனப்பிரியா பையோடு சமையலறை வாசலில் அம்மாவிடம் போய் நின்றாள்.

"புள்ளைய யூனிபார்மோடவே கூட்டியாந்துட்ட" என்றாள் உண்ணாமலை. "போய் சீலை கட்டச் சொல்லு. நல்ல நேரம் போய்ட்டிருக்குது."

"அக்கா, இப்ப வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"அது படிக்கட்டும். நான் நெனச்ச மாதிரி ஒண்ணும் இல்லீங்க. பள்ளிக்கூடம் போகாம கேம் வெளையாடிட்டு இருந்திருக்குது. அவ்வளவுதான்."

"என்ன கேமு?"

"லாரி ஓட்டற கேமு."

உண்ணாமலை சிரித்தாள். சிரிப்பு நின்றபோது முகம் மாறியிருந்தது.

"பொட்டப்புள்ள. லாரி ஓட்டற கேமு. ஏண்டா தம்பி, என்னயக் கிறுக்கச்சின்னு நெனச்சயா? புதங்கெழம நீ என்ன சொன்ன? பையன் கடைக்குப் போவுதுன்ன. நானே பாத்தேன்ன."

"நெசமாவே அப்படி ஒரு கேமு வந்திருக்குதும்மா" என்றான் கலைமணி. "போன வாரம். ஆனா சாதா கம்ப்யூட்டர்ல ஓடாது. மாமா, ஸ்டியரிங் வெச்சா ஓட்டுது?"

"ஆமா."

"ஸ்டியரிங்கா!" என்று தனப்பிரியா பக்கம் பார்த்தான்.

"நீ வாய மூட்றா" என்றாள் உண்ணாமலை. "உனக்குத்தான் பொண்ணு பாக்க வந்திருக்கறோம்."

வெங்கடாசலத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. போனை எடுத்தார். செயலியைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

"பாருங்க. செவ்வாய்க்கெழமைல இருந்து நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன். வேற எங்கயும் போகல. அந்த ஒரு எடந்தான். இன்னிக்கு நானே உள்ள போய்ப் பாத்தேன். பையன் இல்ல. ரெண்டும் பொட்டப்புள்ளைக."

உண்ணாமலை திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் தள்ளினாள்.

"இது நம்ம பழைய லாரிப் பேரு."

"அந்தக் கருவியத்தான் அது வண்டில ஒட்டியிருக்கறேன்."

தனப்பிரியா கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பெத்த புள்ள வண்டில உளவு வெச்சிருக்கற" என்றாள் உண்ணாமலை. "அப்படி வைக்கோணும்னா எத்தன நாளா உனக்குத் தெரிஞ்சிருக்கோணும்? இப்ப ஒண்ணுமே இல்லங்கற. தெனமும் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு பையன் கடை மாடில புள்ள இருந்திருக்குது. நீயே காட்டற. நீயே ஒண்ணுமில்லங்கற."

"பையன் அங்க இல்லீங்கக்கா."

"இன்னிக்கு இல்ல."

மற்ற நாட்களில் அவர் மாடி ஏறவில்லை.

உண்ணாமலை போனைத் திருப்பிக் கொடுத்தாள். குரலை இறக்கினாள்.

"இத பாரு. எது நடந்திருந்தாலும் எனக்கு அது என் தம்பி மக. நான் அப்படியே எடுத்துக்கறேன். வெளிய ஒரு வார்த்த போகாது. உப்ப வாங்கு."

அது அன்பாகத்தான் சொல்லப்பட்டது. வெங்கடாசலம் தாம்பாளத்தைப் பார்த்தார். வாங்கினால் எல்லாம் மூடிக்கொள்ளும். மகள்மேல் தப்பு இருந்தது என்பதும் அதோடு உறுதியாகும்.

"ஏனுங்க" என்றாள் தெய்வநாயகி. அதுவரை பேசாதவள். "மெசேஜ் வந்துது. தெனமும் வந்துது. நாந்தான் அழிச்சேன். நானும் பையன்னுதான் நெனச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா இந்தத் தாம்பாளம் வந்துருமுன்னு பயந்துட்டு."

"பாரு" என்றாள் உண்ணாமலை. "பெத்தவளே சொல்றா."

தனப்பிரியா அம்மாவிடமிருந்து சற்று விலகி நின்றாள்.

வெங்கடாசலம் குனிந்து தாம்பாளத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போங்கக்கா."

"யோசிச்சுச் சொல்லு. இன்னிக்கு இது திரும்பிப் போனா பேச்சு வேற மாதிரி போகும்."

"போகட்டுங்க. அது பன்னண்டாவது படிக்கோணும்."

உண்ணாமலை உப்பையும் சர்க்கரையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டாள். தெய்வநாயகி கொண்டுவந்த தண்ணீரைத் தொடவில்லை. கலைமணி செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான். "குவஹாத்தி ரூட்டு தொறந்துருச்சா?" என்று மெல்லக் கேட்டான். தனப்பிரியா சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வெங்கடாசலம் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். கருவியைப் பிய்த்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பிய்த்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது. வயரைத் துண்டித்து, கருவியை ஆபீஸ் மேசை டிராயரில் போட்டு, செயலியிலிருந்து அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி ஜிபிஎஸ் கம்பெனிக்குப் போன் செய்தார்.

சனிக்கிழமை லாரி முதலாளி ஒருவர் அவரைக் கூப்பிட்டார். லோடு விஷயமாகப் பேசினார். வைக்கும் முன், "பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்றார். அவர் இதற்கு முன் பாப்பாவைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"நல்லாருக்குது" என்றார் வெங்கடாசலம். "ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்."

திங்கட்கிழமை காலை தனப்பிரியா ஸ்கூட்டரில் கிளம்பினாள். போய்ட்டு வாரேன் என்று அம்மாவிடம் சொன்னாள்.

அவர் ஆபீசில் திரையைத் திறந்தார். மூன்று லாரிகள். நாமக்கல்லில் ஒன்று, பட்டறையில், அசையாமல். அதைச் சுற்றியிருந்த சந்துகள் காலியாக இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தன. தெய்வநாயகிக்குப் போன் போட்டு மெசேஜ் வந்ததா என்று கேட்கலாம். இல்லை என்பாள். அது வராததற்கான 'இல்லை'யா, அழித்ததற்கான 'இல்லை'யா என்று அவருக்குத் தெரியாது. கேட்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு அவர்தான் முதலில் வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. தனப்பிரியா உள்ளே வந்து பையை வைத்தாள்.

"இன்னிக்கு என்ன நடத்துனாங்க?" என்றார்.

அவள் நின்றாள்.

"தெரிஞ்சுட்டுத்தானுங்களே கேப்பீங்க."

"இல்ல சாமி. தெரியாது."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கிருஷ்ணகிரியில் நிற்கும் டிரைவர் 'ஓசூர்' என்று சொல்வதை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாரோ, அப்படிப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். சீட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வேறு சத்தம் இல்லை. சீட்டு மூடும் சத்தம் கேட்டது. முன் சக்கரத்தின் பக்கம் எதையோ தட்டிப் பார்த்தாள். பின்பக்கமும் தட்டினாள்.

திரும்பி வந்தபோது விரல் நுனியில் பசைக் கறுப்பு இருந்தது. பாவாடையில் துடைத்தாள்.

"கெமிஸ்ட்ரி" என்றாள்.